பூட்டுக்கு முன் வால்வு

கண்ணு, புது வீட்டுக்குக் குடிபோன பிறகு முதல் தடவையாகப் பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்லபடியாகப் போய் வா. பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். அது நம் குடும்பத்துப் பழக்கம். ஆனால் நான் சென்னையில் காலமெல்லாம் குழாய் வேலை பார்த்தவன். திருடனைப் பற்றி என்னிடம் யார் சொல்லப்போகிறார்கள்? மே மாத லீவு முடிந்தால், தீபாவளியும் பொங்கலும் முடிந்தால் எனக்கு வந்த போன்கள் எல்லாம் ஒரே மாதிரிதான்: “கதவைத் திறந்தோம், ஹால் முழுக்கத் தண்ணி.” அந்த வீடுகளில் முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நின்று தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். குழாயைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். பெரும்பாலும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறேன்.

1. கிளம்புகிற நாளில் வீட்டை மூடாதே. முதல் நாள் ராத்திரியே மூடிவிடு.

வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கும்போது யாருக்குமே புத்தி பாதிதான் வேலை செய்யும். டிக்கெட் எங்கே, சார்ஜர் எங்கே, குழந்தையின் இன்னொரு செருப்பு எங்கே என்று ஓடுகிற நேரத்தில், கடைசியாகக் கை கழுவியவர் குழாயை இறுக்கினாரா என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? முதல் நாள் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் இரண்டு பக்கெட், ஓர் அண்டா, குடிக்க ஒரு குடம் பிடித்து வைத்துக்கொள். அதன் பிறகு மெயின் வால்வை அடைத்துவிடு. காலையில் பல் தேய்ப்பதும் குளிப்பதும் பக்கெட் தண்ணீரில் நடக்கட்டும். உன் பாட்டி ஆயுள் முழுக்க அப்படித்தான் குளித்தாள். உனக்கு ஒரு வேளை முடியாதா? இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அடைத்த பிறகும் காலையில் ஏதாவது ஒரு குழாயில் தண்ணீர் வந்தால், நீ மூடியது வேறு வால்வு, இல்லாவிட்டால் அந்த வால்வு பிடிக்கவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய உனக்குக் கொஞ்சம் நேரம் கையில் இருக்கும். விழுப்புரம் தாண்டிய பிறகு சந்தேகம் வந்தால் என்ன செய்வாய்?

2. உன் வீட்டு வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்க வெட்கப்படாதே.

லட்சக்கணக்கில் கொடுத்து வீடு வாங்கியவர்கள், பெரிய பெரிய வேலையில் இருப்பவர்கள், தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற நினைப்பு. புது அபார்ட்மெண்ட்களில் பெரும்பாலும் பாத்ரூமுக்கு உள்ளேயே, தலைக்கு மேல், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் தனித்தனியாக ஒன்று இருக்கும். பழைய கட்டடங்கள் சிலவற்றில் மொட்டை மாடித் தொட்டிக்குக் கீழே வீட்டுக்கு ஒன்றாக வரிசையாக நிற்கும். வேறு சிலவற்றில் ஒரே குழாய் எல்லா மாடிக்கும் இறங்கும். அதை மூடினால் ஊர்ச் சண்டை. வாட்ச்மேனைக் கேள், பிளம்பரைக் கேள், கேட்டு உன் கையாலேயே ஒரு தடவை மூடித் திறந்து பார்.

மாம்பலத்தில் ஒரு முதல் மாடிக்காரர் கொடைக்கானல் போவதற்கு முன் பொறுப்பாக மாடி ஏறி ஒரு வால்வை அடைத்துவிட்டுப் போனார். அது இரண்டாம் மாடியின் வால்வு. அவர்கள் குளிக்கப் போய்த் தண்ணீர் வராமல், திட்டிக்கொண்டே மேலே வந்து திறந்துவிட்டார்கள். அவர் வால்வு முதலிலிருந்தே திறந்துதான் கிடந்தது. அந்த லீவில் அவர் வீட்டு வாஷ்பேசின் குழாயும் பிய்த்துக்கொண்டது. ஒரு சின்ன டப்பா பெயிண்ட்டும் தூரிகையும் இருந்தால் வீட்டு எண்ணை எழுதி வைத்திருக்கலாம்.

கைப்பிடி நீளமாக இருக்கும் வால்வு என்றால் பார்த்தவுடன் புரியும். கைப்பிடி குழாயோடு சேர்ந்து நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வட்டச் சக்கரம் வைத்த கேட் வால்வுதான் வம்பு பிடித்தது. போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து வருஷக்கணக்கில் இறுகிக் கிடக்கும். ஊருக்குப் போகிற அவசரத்தில் ரெஞ்சு போட்டுத் திருகினால் உள்ளே இருக்கும் தண்டு முறியும். அப்புறம் அது மூடவும் மூடாது, திறக்கவும் திறக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சும்மாவாவது மூடித் திற. வேண்டும்போது மட்டும் போய் நின்றால் வால்வும் முகம் கொடுக்காது, மனிதர்களும் முகம் கொடுக்க மாட்டார்கள்.

3. தண்ணீர் வராத குழாயைத் திறந்தபடி விடாதே.

நம் ஊருக்கே உரிய ஆபத்து இது. 2019 கோடை உனக்கு நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. தெரு முனையில் கலர் கலராகக் குடங்கள் லாரிக்காக வரிசையில் நின்றன. அப்போது கீழ்த்தளத்து வீடு ஒன்றில், மெட்ரோ தண்ணீர் நேராக வரும் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. “வந்தால் சத்தம் கேட்கும்” என்று திறந்தே விட்டுவிட்டார்கள். கும்பகோணத்தில் ஒரு சாவு என்று செய்தி வந்து, கட்டிய துணியோடு கிளம்பிப் போனார்கள். தண்ணீர் ஒருநாள் நடுராத்திரி வந்தது. சிங்க்கின் ஓட்டையை ஒரு தட்டு மூடியிருந்தது. ஊரே ஒரு குடம் தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டிருந்த நாளில் அந்த வீட்டுக்குள் பாய் மிதந்தது. அக்கம்பக்கத்தார் அவர்கள்மேல் கோபப்பட்டார்களே தவிர, பாவம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

குழாயைத் திருகித் தண்ணீர் வரவில்லை என்றால் அடுத்த நொடியே கை தானாகத் திரும்ப மூட வேண்டும். கரண்ட் போய்த் தொட்டி காலியானாலும் இதே விதிதான். யோசித்துச் செய்கிற காரியமாக இது இருக்கக் கூடாது, கண்ணு. யோசிக்க முடியாத நாளில்தான் இது தேவைப்படும். குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடு. ஊருக்குப் போகும்போது சிங்க்கில் பாத்திரமோ தட்டோ கிடக்க வேண்டாம். தண்ணீர் வந்தாலும் போவதற்கு வழி திறந்திருக்கட்டும்.

4. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிக்கனம் பிடிக்காதே.

லீவு முடிந்து நான் பார்த்த வெள்ளங்களில் அதிகமானவை பாத்ரூமில் ஆரம்பித்தவை. குற்றவாளி யார் என்று கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். டாய்லெட் பக்கத்தில் கொக்கியில் தொங்குமே, அந்த ஹெல்த் ஃபாசெட்டின் டியூப். வெடித்த டியூப் ஒன்றை நெடுக வெட்டிப் பார்த்தால் விஷயம் புரியும். வெளியே பளபளவென்று எஃகுப் பின்னல். உள்ளே சுண்டுவிரல்கூட நுழையாத மெல்லிய குழாய், மலிவான சரக்கில் அது சாதாரண பிளாஸ்டிக். பின்னலும் நட்டும் சேரும் இடத்தில் ஒரு சின்ன வளையம். வெடிப்பது பெரும்பாலும் அந்த வளையத்துக்குப் பக்கத்தில்தான். முன்கூட்டியே அடையாளமும் காட்டும்: பின்னலில் பழுப்புப் புள்ளிகள், நட்டின் கழுத்தில் வெள்ளையாக உப்பு. விரலை வைத்துத் தடவினால் கம்பி குத்தும். குத்தினால் மாற்றிவிடு, யோசிக்காதே.

நாம் செய்கிற தப்பு என்னவென்றால், விசையை விட்டதும் தண்ணீர் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வது. நின்றது வாயில் மட்டும்தான். சுவரில் இருக்கிற ஆங்கிள் காக் திறந்திருக்கும் வரை அழுத்தம் முழுக்க அந்த மெல்லிய டியூபுக்குள் ராப்பகலாக நிற்கும். தொட்டி உனக்குப் பத்து மீட்டர் மேலே இருந்தால், டியூபின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். கீழ்வீட்டுக்காரர்களுக்கு இது இன்னும் அதிகம். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் ஒழுகினால்கூட ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு மணி நேரத்துக்குள் காலி. நீயோ பத்து நாள் ஊரில் இல்லை.

ஆகவே தினமும் ஆங்கிள் காக்கை மூடிப் பழகு. ஊருக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா ஆங்கிள் காக்கையும் மூடு: வாஷ்பேசின், ஃபிளஷ் டேங்க், கெய்சர், வாஷிங் மெஷின், சமையலறையில் ஆர்.ஓ. மெஷினுக்குப் போகிற பென்சில் கனத்து வெள்ளை டியூபின் குழாய். மெயின் வால்வை மூடிவிட்டோமே, இது எதற்கு என்று கேட்பாய். வால்வை வேறு யாராவது திறந்துவிடலாம், இல்லாவிட்டால் மாம்பலத்தில் நடந்ததுபோல நீ மூடியது வேறு வால்வாக இருக்கலாம்.

கூரையில் தொங்கும் விளக்கைப் பத்துக் கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுப்பவர்கள், இந்த டியூபை மட்டும் “இருக்கிறதிலேயே கம்மி விலையில் போடுங்க” என்பார்கள். விருந்தாளி பார்க்கிற இடத்துக்கு ஒரு நியாயம், பார்க்காத இடத்துக்கு ஒரு நியாயம். அப்படிச் சொன்ன ஒருவர் வீட்டில் பிறகு பிளைவுட் அலமாரி முழுவதையும் அடியோடு மாற்ற வேண்டியிருந்தது. ஈரம் ஏறிய பிளைவுட் உப்பினால் உப்பினதுதான், பழைய நிலைக்கு வராது.

5. ஆட்டோமேட்டிக்கை நம்பி மோட்டாரை விட்டுவிட்டுப் போகாதே.

தொட்டியில் நீர் குறைந்தால் தானே ஓடி, நிறைந்தால் தானே நிற்கும் மோட்டார் வீட்டில் ஆள் இருக்கும்போது பெரிய சௌகரியம். சொன்னதைச் செய்கிற வேலைக்காரன் அது, ஆனால் எஜமான் ஊரில் இல்லை என்பது அதற்குத் தெரியாது. டியூப் வெடித்துத் தொட்டி இறங்க இறங்க, அது உண்மையாக உழைத்து ஏற்றிக்கொண்டே இருக்கும். சம்ப் காலியாகிற வரை உன் ஹாலுக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். தனி வீடு என்றால் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போ. சம்ப்புக்குள் தண்ணீர் வரும் குழாயையும் மூடு. அங்கே மிதக்கிற பந்து சிக்கிக்கொண்டால் சம்ப் வழிந்து போர்ட்டிகோ வழியாக வாசற்படிக்கு வரும்.

6. மொட்டை மாடிக்கு நீயே ஏறு.

மழைக்காலத்தில் இதைவிட முக்கியமான வேலை எதுவும் கிடையாது. ஆனால் ஆளை அனுப்பிவிட்டு “பார்த்தாச்சு” என்று சொல்பவர்கள்தான் அதிகம். சென்னைக்கு வருஷத்து மழையில் பெரும் பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. நம் தீபாவளி லீவும் அதற்குள்தான் வருகிறது. பட்டாசு வெடித்த காகிதம் இருக்கிறதே, அது நனைந்தால் கூழாகி வடிகால் ஜாலியில் அப்பிக்கொள்ளும். அதன்மேல் பக்கத்து வீட்டு வாதாம் இலை ஒன்று வந்து படுத்தால் போதும், ஓட்டை முழுசாக மூடிவிடும். இறகுப் பந்து, காக்கை கொண்டுவந்த கம்பித் துண்டு, பிள்ளைகள் விட்ட பட்டத்தின் வால் என்று அந்த ஜாலியிலிருந்து நான் எடுக்காத பொருள் இல்லை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல், எடையில் ஒன்பது டன். அந்த அளவு மழை நம் ஊருக்கு ஒன்றும் அதிசயமில்லை. வடிகால் அடைத்தால் இத்தனையும் கைப்பிடிச் சுவருக்குள் குளமாக நிற்கும். பிறகு தளத்தின் விரிசலைத் தேடும், அல்லது மாடிப்படி அறைக் கதவின் கீழே புகுந்து ஒவ்வொரு படியாக இறங்கி உன் வீட்டு வாசலுக்கே வரும். மேற்கூரையே நனைந்துவிட்டால் நீ மூடி வைத்த வால்வு என்ன செய்யும்?

ஏறிப் போய் ஜாலியைக் கையால் தூக்கி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் வை. தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று ஜாலியை எடுத்தே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. குப்பை குழாய்க்குள் இறங்கி வளைவில் அடைத்துக்கொண்டால் அதை எடுக்கச் சுவரை உடைக்க வேண்டிவரும். ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி, சுழித்துக்கொண்டு இறங்குகிறதா என்று பார். தேங்கித் தேங்கிப் போனால் கீழேயும் போய்ப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு பல வீடுகளில் மாடித் தண்ணீர் ஒரு வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கோ குழிக்கோ போகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வடிகட்டித் தொட்டியில் வண்டல் நிறைந்து கிடந்தால், மழை போக வழியில்லாமல் குழாயிலேயே மேலே ஏறும்.

7. தரைத்தளத்தில் இருப்பவன் கீழேயிருந்தும் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட நாட்களில் வாசலில் மணல் மூட்டை போட்டவர்கள் வீட்டிலும் தண்ணீர் வந்தது. எங்கிருந்து? டாய்லெட் கோப்பையிலிருந்தும், பாத்ரூம் தரை ஜாலியிலிருந்தும். தெருச் சாக்கடை நிரம்பினால் அது வீட்டுக் குழாய் வழியாகத் திரும்பி வரும். வெளிச் சேம்பரில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுக்கொள்ளலாம். நவம்பர், டிசம்பரில் ஊருக்குப் போகிறாய் என்றால் ஈரமணலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கோப்பைக்குள்ளும் தரை ஓட்டைமேலும் அழுத்தி வைத்துவிட்டுப் போ.

பீரோவின் அடித்தட்டைக் காலி செய். பத்திரம், சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் பரணுக்குப் போகட்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தித் தொலைந்த ஆவணங்களுக்கு நகல் கொடுத்தது. கல்யாண ஆல்பத்துக்கு எந்த முகாமிலும் நகல் கிடைக்கவில்லை.

8. சொட்டுத்தானே என்று சொல்லாதே.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டைக் காது கொடுத்துக் கேள். ஃபிளஷ் டேங்க்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்து, அரை மணி நேரம் யாரும் அழுத்தாமல் விட்டுவிடு. கோப்பையில் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது. உன் வீட்டுக்கென்று தனித் தொட்டி இருந்தால், ராத்திரி படுக்கும் முன் மோட்டாரை அணைத்துவிட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடு. விடிகாலையில், முதல் ஆள் குழாயைத் திறக்கும் முன், போய்ப் பார். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. சிங்க்கின் அடியில் மூடி வைத்திருக்கும் அலமாரியைத் திறந்து, வளைவுக் குழாயின் அடியில் காய்ந்த கையை ஒரு தடவை ஓட்டு. பலர் அந்தக் கதவைத் திறப்பது பாத்திரம் துலக்கும் பவுடர் தீர்ந்தால் மட்டும்தான்.

9. பக்கத்து வீட்டாரிடம் பகையோடு ஊருக்குப் போகாதே.

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. ஓர் அபார்ட்மெண்டில் மேல்வீட்டுக்காரருக்கும் கீழ்வீட்டு அம்மாவுக்கும் கார் நிறுத்துகிற இடத்தில் தகராறு. பேச்சு வார்த்தை கிடையாது. மேல்வீட்டார் வடநாட்டு யாத்திரை போயிருந்தார்கள். ஒருநாள் அந்த அம்மாவின் ஹால் மின்விசிறித் தண்டு வழியாகத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மேலே தண்ணீர் ஓடுகிற சத்தமும் கேட்கிறது. போன் நம்பர் இல்லை. கேட்டுச் சொல்லவும் மனசு வரவில்லை, “அவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.” சீலிங் பூச்சு பெயர்ந்து சோபாமேல் விழுந்த பிறகுதான் வாட்ச்மேன் மூலம் தகவல் போனது. நான் போய்ப் பூட்டை உடைத்தபோது மேல்வீட்டு மரக்கட்டிலின் கால்கள் ஊறிப் பிளந்திருந்தன. ஒரு போன் நம்பர் இல்லாததால் இரண்டு வீடும் போயிற்று.

சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போ. கொடுக்கும்போது அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய் வால்வையும் மெயின் சுவிட்சையும் காட்டு. இரண்டு நாளைக்கு ஒரு தடவை கதவைத் திறந்து ஒரு சுற்று பார்க்கச் சொல். சாவி கொடுக்க யாரும் இல்லை என்றால், “ஏதாவது ஆனால் பூட்டை உடைத்துக்கொள்ளுங்கள்” என்று வாயால் சொல்லி, போனிலும் ஒரு செய்தி அனுப்பி வை. அந்த அனுமதி இல்லாமல்தான் எத்தனையோ பேர் வாசலில் நின்று கையைப் பிசைந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் நகை இருக்கிறது, யாரை நம்புவது என்று கேட்பாய். நகையை லாக்கரில் வை, சாவியை மனிதரிடம் கொடு.

இப்போது தரையில் தண்ணீர் பட்டால் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் கிடைக்கின்றன. வாங்கிக்கொள், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மணாலியில் உட்கார்ந்துகொண்டு அந்தச் செய்தியைப் படித்து என்ன செய்வாய்? வால்வைத் திருக இங்கே ஒரு கை வேண்டும். திரும்பி வரும்போது அந்தக் கைக்காரருக்குத் திருநெல்வேலி அல்வாவோ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோ வாங்கி வா. வீட்டில் ஒன்றும் ஆகாத வருஷத்திலும் வாங்கி வா.

10. கரண்ட் விஷயத்தில் வரிசை தப்பாதே.

முதலில் கெய்சர் சுவிட்ச், பிறகு அதன் தண்ணீர். ஏசியின் தனி சுவிட்சையும் அணை. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போவதென்றால் முதல் நாளே ஃபிரீசரைக் காலி செய்து, பனி உருகித் துடைத்த பிறகு கதவை லேசாகத் திறந்து வை. இல்லாவிட்டால் அதுவும் ஒரு சின்ன வெள்ளம்தான். கரண்டோடு சேராத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கோடையில் நீண்ட நாள் போனால் தரை ஓட்டைகளின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றி, நாற்றமும் கரப்பானும் மேலே வரும். கிளம்பும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

11. திரும்பி வந்ததும் சுவிட்சைத் தொடாதே, மூக்கைத் தீட்டு.

கதவைத் திறந்து ஒரு நிமிஷம் நில். புழுங்கின வாடை, சுவரில் புதிதாக ஒரு மஞ்சள் வட்டம், உப்பு பொரிந்த பெயிண்ட், இவைதான் சேதி சொல்லும். ஈரம் பட்ட பொருளில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். தரையில் தண்ணீர் நின்றால் உள்ளே காலை வைக்காதே. மெயின் சுவிட்ச் தண்ணீரில் நிற்காமல் தொடக்கூடிய இடத்தில் இருந்தால் அதை அணை. இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனோ மின்வாரியத்து ஆளோ வரட்டும். எல்லாம் நன்றாக இருந்தால் மெயின் வால்வை மெதுவாகத் திற. ஒரேயடியாகத் திறந்தால் குழாயில் அடைபட்ட காற்று அதிரும், பலவீனமான இணைப்பு அப்போதுதான் விடும். ஒவ்வொரு ஆங்கிள் காக்காகத் திறந்து, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போ.

ஒருவேளை பெருக்கெடுத்திருந்தால், துடைப்பத்தை எடுக்கும் முன் போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்துக்கொள். 2021 ஏப்ரல் முதல் எல்லா வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரவேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் தொட்டியோ குழாயோ வெடித்து வழிந்த சேதமும் சேரும். நாள்பட்ட கசிவுக்கு அதில் பணம் எதிர்பார்க்காதே. வெள்ளம் உன் வீட்டிலிருந்து கீழே இறங்கியிருந்தால், கீழ்வீட்டார் படியேறி வருவதற்கு முன் நீ இறங்கிப் போ. “எங்க வீட்டுத் தண்ணிதான், சரிசெய்து தருகிறேன்” என்று சொல். காரணம், விளக்கம், பிளம்பர்மேல் பழி, இவையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அப்படி இறங்கிப் போனவர்கள் வீட்டில் சண்டை முற்றி நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒன்று. நனைந்த சீலிங் வெளியே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே வெகுநாள் ஈரம் இருக்கும். பெயிண்டர் பொங்கலுக்குள் பளிச்சென்று ஆக்கித் தருகிறேன் என்பார். ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, சித்திரைக்கு வரச் சொல்லி அவரை அனுப்பிவிடு.